கொயோட்டிக்கு முன்னால் ஓடிய நாய்

அர்லீன் ஸ்டாட்லருக்குத் துப்பாக்கி சுடத் தெரியும் என்பது பவுடர் ஆற்றுப் பக்கத்தில் யாருக்கும் பெரிய செய்தி இல்லை. அமெரிக்காவின் வயோமிங்கில் ஆட்டுப் பண்ணைக்கு வாழ்க்கைப்பட்ட எந்தப் பெண்ணுக்குத்தான் அது தெரியாது? அவளுக்கு வேட்டை ஊதல் ஊத வராது என்பதுதான் ஊரறிந்த வேடிக்கை. அடிபட்ட முயல் கதறுவதுபோல அந்தச் சின்ன ஊதலை ஊதினால், ஆட்டுக்குட்டிகளைத் தூக்கும் கொயோட்டி என்ற சின்ன ஓநாய் இரை கிடைத்தது என்று ஓடி வரும். அவள் புருஷன் எல்டன் ஊதினால் மனுஷருக்கே மனசு பதறும். அர்லீன் ஊதினால் பக்கத்துப் பண்ணை ரே கோஸ்டெக்கி காதைப் பொத்திக்கொள்வான்.

"முயல் மாதிரி இல்ல அர்லீன், தொண்டை கட்டின கோழி மாதிரி இருக்கு. கொயோட்டி வந்தாலும் சாப்பிட வராது, கஷாயம் வச்சுக் குடுக்கத்தான் வரும்."

"உன் பாட்டைக் கேட்டு உன் பொண்டாட்டியே சர்ச்சுல இடம் மாறி உக்காந்தா. நீ பேசாதே."

இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். ரேயும் எல்டனும் ஒரே பள்ளியில் படித்தவர்கள், ஒரே ஆண்டில் கல்யாணம் செய்தவர்கள். வேலி ஒன்றுதான் இரண்டு பண்ணைகளையும் பிரித்தது. அதையும் இருவரும் சேர்ந்துதான் பழுது பார்ப்பார்கள்.

டாஃபி அந்த வீட்டுக்கு வந்தது அர்லீனால். தீவனக் கடை வாசலில் அட்டைப் பெட்டியில் குட்டிகளை வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மற்ற குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்திக்கொண்டிருக்க, வெல்லப்பாகு நிறத்தில் ஒரு குட்டி மட்டும் தலையை ஒருபக்கம் சாய்த்து இவளையே பார்த்தது. வீட்டுக்குத் தூக்கி வந்தாள். எல்டன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"ஆட்டை மடக்குமா?"

"மடக்காது."

"காவல் காக்குமா?"

"தெரியாது."

"பின்ன எதுக்கு?"

"எனக்கு."

அவன் மறுபடி கோப்பையை எடுத்துக்கொண்டான். பண்ணை நாய்கள் வெளியே, வீட்டுக்குள் நாய் கூடாது என்பது அவன் அப்பா காலத்துச் சட்டம். அந்தச் சட்டம் முதல் பனிப்பொழிவு வரைக்கும் தாங்கியது. பிறகு டாஃபி அடுப்பங்கரையில் படுத்தது. அங்கிருந்து கூடத்துக்கு வந்தது. கடைசியில் எல்டனின் பாதத்தின்மேல் தலை வைத்துத் தூங்கியது. அவன் அதைக் கவனிக்காதவன்போலப் பேப்பர் படிப்பான். கால் மரத்துப் போனாலும் அசைக்க மாட்டான்.

ஆனால் வேட்டைக்கு மட்டும் அதைக் கூட்டிப்போனதில்லை. "வீட்டு நாயை வேட்டைக்குக் கூட்டிட்டுப் போறதும் மாமியாரைத் தேனிலவுக்குக் கூட்டிட்டுப் போறதும் ஒண்ணுதான்" என்பான். ஊதிவிட்டுப் புதரோடு புதராகக் கல்போல உட்கார வேண்டிய இடத்தில், வாலாட்டும் பிராணிக்கு என்ன வேலை? அவன் பிக்கப் வண்டி புறப்படும்போதெல்லாம் டாஃபி வாசல் கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும். கண்ணாடியில் அந்த மூக்குத் தடம் எப்போதும் இருக்கும்.

எல்டனுக்கு வயது அறுபதைத் தாண்டிய அந்தக் குளிர்காலத்தில், ஆடுகளின் தண்ணீர்த் தொட்டியில் உறைந்த பனியைக் கோடரியால் உடைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். டாஃபி குரைத்த குரைப்பில்தான் அர்லீன் வெளியே ஓடி வந்தாள். மருத்துவமனையில் உயிரை மீட்டுக் கொடுத்தார்கள். வலது கை போயிற்று. வலது கால் இழுத்துக்கொண்டது. பேச்சு போயிற்று, ஒரே ஒரு சொல்லைத் தவிர.

"செவ்வாய்க்கிழமை."

தண்ணீர் வேண்டுமானாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். இப்படிச் சிலருக்கு ஒரு சொல் மட்டும் தங்கிவிடும், ஏன் அந்தச் சொல் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது என்றார் டாக்டர். தான் சொல்வது தப்பு என்று எல்டனுக்குத் தெரியும். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். அர்லீன் போகப்போகக் குரலை வைத்துப் பொருள் பிடிக்கப் பழகினாள். ரே வந்தால் மட்டும் பழைய வாய் ஓயாது.

"இன்னிக்கு என்ன கிழமைடா எல்டன்?"

"செவ்வாய்க்கிழமை."

"வியாழன்டா, முட்டாளே."

எல்டனின் இடது உதடு மேலே போகும். அந்தக் கிண்டலுக்காகவே அவன் ரேயின் வண்டிச் சத்தத்துக்குக் காத்திருப்பான்.

மே மாதம் ஆடுகள் ஈன்றன. கூடவே மலைச்சரிவில் கொயோட்டிகளும் குட்டி போட்டிருந்தன. காலையில் அர்லீன் மேய்ச்சல் காட்டைச் சுற்றி வந்தால், கழுத்தில் பல் பதிந்த ஆட்டுக்குட்டி எங்காவது கிடக்கும். பக்கத்தில் தாய் ஆடு மடி கட்டிப்போய் நின்று கத்தும். ரே வந்து இரண்டு மூன்று நாள் ஊதிப் பார்த்தான். கொயோட்டிகள் வரவில்லை. பலமுறை ஊதல் கேட்டு ஏமாந்து தப்பித்த ஜோடிகள் அவை. முயல் சத்தம் கேட்டால் எதிர்த்திசையில் போயின.

அர்லீன் எல்டனின் துப்பாக்கியை எடுத்தாள். அவனைத் தனியே வீட்டில் விட முடியாது என்பதால் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டாள். எல்டனை விட்டு டாஃபி இருக்காது என்பதால் அதுவும் ஏறிக்கொண்டது. வேட்டைக்குப் போவதுபோல் இல்லை, குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போவதுபோல் இருந்தது.

விடிந்து பனி விலகும் நேரம். வண்டியைப் பள்ளத்தில் மறைத்து நிறுத்திவிட்டு, மேட்டில் ஏறி, சாம்பல் நிறப் புதர்களுக்கு நடுவே உட்கார்ந்து, தன் கோழி ஊதலை ஊதினாள். எதிர்மேட்டில் ஒரு கொயோட்டி தலைகாட்டியது. நின்றது. முன்னும் வரவில்லை, பின்னும் போகவில்லை. துப்பாக்கிக்கு எட்டாத தூரம். அப்போது அவள் முழங்கையை எதுவோ உரசிக்கொண்டு போயிற்று. வண்டி ஜன்னல் வழியே குதித்து வந்த டாஃபி, நேரே எதிர்மேட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

"போச்சு" என்று முணுமுணுத்தாள். கூப்பிடவும் முடியாது.

கொயோட்டி ஓடவில்லை. அதன் முதுகு மயிர் சிலிர்த்தது. குட்டிகள் கிடக்கும் பொந்து பக்கத்தில் எங்கோ இருக்கிறது. அன்னிய நாய் ஒன்று வீட்டு வாசலுக்கே வருகிறது. எந்தத் தாய் தகப்பன்தான் சும்மா இருக்கும்? பல்லைக் காட்டிக்கொண்டு பாய்ந்தது. டாஃபிக்கு அதுவரை இருந்த தைரியம் எல்லாம் எங்கே போயிற்றோ, வாலைக் கவட்டைக்குள் இடுக்கிக்கொண்டு திரும்பி ஓடி வந்தது. ஓடி வர அதற்குத் தெரிந்த ஒரே இடம் அர்லீன். பின்னாலேயே கொயோட்டி, அதற்கும் பின்னால் புதரிலிருந்து அதன் ஜோடி. மனுஷியையே அவை பார்க்கவில்லை. கண்ணெல்லாம் நாய்மேல்.

டாஃபி அவள் மடியில் வந்து விழுந்தது. அர்லீன் சுட்டாள். ஒன்று விழுந்தது, இன்னொன்று தப்பியது.

கீழே வண்டியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எல்டனுக்கு மறுபடி ஏதோ ஆகிவிட்டதென்று பதறி இறங்கி ஓடினாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். இடது கையால் கதவைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

"செவ்வாய்க்கிழமை! செவ்வாய்க்கிழமை!"

"ஆமா, ஆமா. உன் மாமியார் தேனிலவுக்கு வந்துட்டா. போதும், மூச்சு விடு."

அன்றிலிருந்து மூவரும் தினம் போனார்கள். டாஃபிக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. மேட்டைத் தாண்டிப் போய் வம்பிழுத்துவிட்டு ஓடிவருவது அதற்கே பிடித்துப்போயிற்று. சுடுமுன் தெரியவேண்டும் என்று அர்லீன் அதன் கழுத்தில் பளிச்சென்ற ஆரஞ்சுத் துணி ஒன்றைக் கட்டிவிடுவாள். ஒருநாள் அவள் ஊதி ஊதிக் களைத்து உட்கார்ந்திருந்தபோது வண்டிக்குள்ளிருந்து எல்டன் தலையைத் தூக்கி ஊளையிட்டான். பேச்சுக்கு அசையாத தொண்டை ஊளைக்கு அசைந்தது. மெதுவாக ஏறி, உச்சியில் உடைந்து, இறங்கியது அந்த ஊளை. எதிர்மலையிலிருந்து பதில் வந்தது. டாஃபி காதை நிமிர்த்திக்கொண்டு கிளம்பியது. அர்லீனின் கண் நிறைந்துவிட்டதால் அன்றைக்கு அவளால் குறிபார்க்க முடியவில்லை.

கொயோட்டிகளை அவள் வெறுத்தவள் இல்லை. விழுந்தவற்றின் அருகே போய் ஒரு நிமிடம் நிற்பாள். பால் கட்டிய மடியோடு பெண் கொயோட்டி கிடந்தால், அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. பொந்தைத் தேடிப்போய்ச் செய்யவேண்டியதைச் செய்வாள். குட்டிகள் பசியில் கிடந்து மெதுவாகச் சாகக்கூடாது. அந்த நேரத்தில் டாஃபியை வண்டியில் பூட்டிவிட்டுத்தான் போவாள். நாய்க்கு இது ஓடிப்பிடிக்கிற விளையாட்டு. எதிர்ப்பக்கத்துக்கு அது குடும்பம். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவள் தான்தான் என்பது அவளுக்குத் தெரியும். ஆட்டுக்குட்டிகள் சாவது குறைந்தது. மற்றதை அவள் யாரிடமும் பேசியதில்லை.

ஜூன் நடுவில் ஒரு ஜோடி மட்டும் மிஞ்சியது. வெளிறிய நிறத்தில் பெரிய ஆண். அதன் பெண் எப்போதும் புதருக்குள்ளேயே. ஆண் டாஃபியைத் துரத்தும், ஆனால் துப்பாக்கி எல்லைக்கு முன்பே நின்றுவிடும். ரே கேள்விப்பட்டு வந்தான்.

"நான் அந்தப் பக்கம் ஓடை மேல உக்காந்துக்கிறேன். உங்க பக்கம் வராம திரும்பினா என் கையில மாட்டும்."

"நாயைப் பாத்துச் சுடு, ரே."

"ஏன், நாயையா சுடச் சொல்றே?"

"விளையாடாதே. ஆரஞ்சுத் துணி கட்டியிருக்கேன். துணி தெரிஞ்சா விரலை எடுத்துடு."

"எடுத்துடறேன்."

எல்டன் ஊளையிட்டான். டாஃபி போயிற்று. மேட்டுக்கு அப்பால் சண்டைச் சத்தம் கேட்டது. இந்த முறை கொயோட்டிகள் துரத்தவில்லை, காத்திருந்து மடக்கியிருந்தன. அர்லீன் எழுந்து நின்றே விட்டாள். சத்தம் ஓடைப் பள்ளத்துக்குள் போயிற்று. ரே இருந்த இடத்திலிருந்து அந்தப் பள்ளத்தின் வாய் தெரியும். வெளிறிய கொயோட்டி அதற்குள் இறங்கியதை அவன் கண்ணால் கண்டான். இறங்கிய அதே இடத்தில் புதர் அசைந்து, பழுப்பாக ஒன்று வெளியே பாய்ந்தது. கழுத்தில் துணி இல்லை. கொயோட்டியின் பல்லில் சிக்கி அது கிழிந்து புதருக்குள் விழுந்திருந்தது.

ஒரு வெடிச்சத்தம்தான் கேட்டது. அதற்குப் பிறகு ரே எழுந்து நின்று, துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு ஓடுவதை அர்லீன் பார்த்தாள். ரே ஓடுகிற ஆள் இல்லை. அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவன் டாஃபியைக் கையில் ஏந்திக்கொண்டு வண்டிக்கு வந்தான். சட்டையெல்லாம் ரத்தம். உயிர் வழியிலேயே போயிருந்தது.

"அர்லீன்... துணி இல்ல. துணி இல்ல அர்லீன். நான் பாத்தேன். பாத்துட்டுத்தான்..."

"தெரியுது."

"கொயோட்டி உள்ள போச்சு. அது வருதுன்னு..."

"தெரியுது ரே. உக்காரு."

எல்டன் வண்டிக் கதவைத் தானே திறந்தான். ஊன்றுகோல் இல்லாமல், கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். ரேயின் கைகளிலிருந்து நாயை இடது கையால் இழுத்துத் தன் நெஞ்சோடு அணைத்தான். ரேயின் முகத்தை அவன் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால், காற்றுக்கு மறைவாக நிற்கும் காட்டன்வுட் மரத்தடியில் குழி. அர்லீன் மண்வெட்டியை எடுத்தாள். எல்டன் பிடுங்கிக்கொண்டான். ரே முன்னால் வந்தபோது மண்வெட்டியை அவனுக்கும் குழிக்கும் நடுவில் குறுக்கே நீட்டினான். அந்த ஒரு சொல்லைக்கூட அவன் அன்றைக்குச் சொல்லவில்லை. ஒற்றைக் கையால் தோண்டினான். காலால் அழுத்த முடியாமல் மண்டியிட்டுத் தோண்டினான். கல் வந்தால் விரலால் பெயர்த்தான். முற்பகல் முழுதும் ஆயிற்று. ரே வேலிக்கு அந்தப்பக்கம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, மண் மூடி முடிகிறவரை நின்றான். பிறகு வண்டியேறிப் போனான்.

அந்தக் கோடை நீளமாக இருந்தது. அர்லீன் தனியே போய் ஊதிப் பார்த்தாள். எல்டன் வண்டியில் உட்கார்ந்திருந்தான், ஊளையிடவில்லை. எதுவும் வரவில்லை. ஆட்டுக்குட்டிகள் தாமாக ஓடித் தப்பிக்கிற வயதுக்கு வளர்கிற வரைக்கும் வெளிறிய கொயோட்டி தன் பங்கை எடுத்துக்கொண்டே இருந்தது. ரே வரவில்லை. ரேயின் மனைவி டோரிஸ்தான் சர்ச்சில் அர்லீனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"துப்பாக்கியை எடுத்துக் கொட்டகையில கொக்கியில மாட்டிட்டான். கிட்டயே போறதில்ல. தூக்கத்துல 'துணி, துணி'ன்னு பேசறான்."

"வரச் சொல்லு டோரிஸ்."

"எல்டன் கூப்பிட்டாத்தான் வருவான். எல்டன் எப்படிக் கூப்பிடறது? நீயே சொல்லு."

அர்லீன் வீட்டுக்கு வந்து எல்டனின் எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். வெகுநாளைக்குப் பிறகு அவளுக்குக் கோபம் வந்திருந்தது.

"நாய் என்னோடது. கூட்டிட்டுப் போனது நான். துணியைக் கட்டினது நான். முடிச்சை இன்னும் நல்லாப் போட்டிருக்கலாமோன்னு தினம் தினம் நான் நெனைக்கிறேன். நீ யார்மேல கோவப்படறே?"

எல்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உனக்கு வாய்தான் போச்சு. மூளை போகல. யோசி."

இலையுதிர் காலத்தில் ஆட்டுக்குட்டிகளை லாரியில் ஏற்றுகிற நாள் வந்தது. அன்றைக்கு அக்கம்பக்கம் எல்லோரும் வருவார்கள், கூப்பிடாமலே வருவார்கள். ரேயும் வந்தான். யாரிடமும் பேசாமல் பட்டியின் கடைக்கோடியில் நின்று குட்டிகளை ஓட்டினான். மதியம் எல்லோரும் அர்லீனின் மேசைக்கு வந்தார்கள்: மாட்டிறைச்சி வறுவல், பீன்ஸ், இனிப்புக்கு ஆப்பிள் பை. ரே மட்டும் தன் வண்டியில் உட்கார்ந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைப் பிரித்தான்.

மேசையிலிருந்து எல்டன் எழுந்தான். ஒரு தட்டை எடுத்தான். இடது கையால் இறைச்சி வைத்தான், பீன்ஸ் வைத்தான், ஆப்பிள் பையிலும் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தான். ஊன்றுகோலைப் பிடிக்க மறுகை இல்லாததால் சுவரைத் தோளால் உரசிக்கொண்டு வாசல்வரை போனான். உதவ எழுந்தவர்களை அர்லீன் கண்ணால் உட்காரவைத்தாள். வாசலிலிருந்து ரேயின் வண்டிவரை பிடிக்க எதுவும் இல்லை. அவன் நடந்தான். பீன்ஸ் சாறு மணிக்கட்டில் வழிந்து சட்டைக் கைக்குள் போயிற்று. வண்டியை அடைந்ததும் தட்டை ஜன்னல் வழியே நீட்டினான்.

ரே வாங்கவில்லை. அழுதுகொண்டிருந்தான்.

"செவ்வாய்க்கிழமை" என்றான் எல்டன், அதட்டலாக.

ரே மூக்கைத் துடைத்துக்கொண்டான். "சனிடா" என்றான். "சனிக்கிழமைடா, முட்டாளே." பிறகு தட்டை வாங்கிக்கொண்டான்.

அடுத்த வசந்தத்தில் ரேயின் பண்ணையில் குட்டிகள் சாகத் தொடங்கின. வெளிறிய கொயோட்டி இடம் மாறியிருந்தது. துப்பாக்கியை எடுக்க ரேக்கு இன்னும் மனம் வரவில்லை. அர்லீனுக்குப் போன் செய்தான். அவளும் எல்டனும் விடியலில் போய் இறங்கினார்கள். டோரிஸின் செல்ல நாய் டொமினோ, கறுப்பும் வெள்ளையுமாகக் கொழுத்தது, இவர்கள் வண்டியைக் கண்டதும் முன் சக்கரத்தைச் சுற்றிக் குதித்தது. ரே ஓடிவந்து அதன் கழுத்தைப் பிடித்துக் கொட்டகைத் தூணில் கட்டினான். முடிச்சின்மேல் முடிச்சாகப் போட்டான்.

அர்லீன் பார்த்துக்கொண்டே நின்றாள். நாய் கயிற்றை இழுத்து முனகியது.

"அது வர ஆசைப்படுது" என்றாள்.

"வேணாம் அர்லீன்."

"நாய் இல்லாம அந்தப் பெரிசு வராது. உனக்கே தெரியும். குட்டிங்க செத்துட்டே இருக்கும்."

"டோரிஸ் என்ன சொல்லுவா?"

சமையலறைக் கதவில் டோரிஸ் நின்றிருந்தாள். உள்ளே போய்விட்டு, தன் சிவப்புக் கம்பளிச் சட்டை ஒன்றோடு வந்தாள். அதன் கைகளை வெட்டிவிட்டு, நாயின் முன்னங்கால்களை அதற்குள் நுழைத்து, முதுகில் பொத்தான்களைப் போட்டாள். நாய் திருவிழாக் கோமாளிபோல நின்றது. யாரும் சிரிக்கவில்லை.

"துப்பாக்கி ஒண்ணுதான்" என்றாள் அர்லீன். "என்கிட்ட மட்டும். நாய் குறுக்க இருக்கிற வரைக்கும் நான் சுட மாட்டேன். கொயோட்டி போனாப் போகட்டும்."

ரே முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான்.

மேட்டில் நால்வரும் உட்கார்ந்தார்கள். எல்டனை ரேதான் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு வந்தான். காற்று முகத்தில் அடித்தது. எல்டன் வெகுநேரம் எதிர்ச்சரிவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையைத் தூக்கினான். ஊளை ஏறியது, உடைந்தது, இறங்கியது. பதில் வந்ததும் டொமினோ கிளம்பிற்று. சிவப்புச் சட்டை புதர்களுக்கு நடுவே சிறுத்துக்கொண்டே போய் மேட்டைத் தாண்டி மறைந்தது.

ரே கண்ணை மூடிக்கொண்டான். வெறுங்கைகளை முழங்காலின்மேல் வைத்திருந்தான். அர்லீன் துப்பாக்கியைத் தோளில் வைக்காமல் மடியிலேயே வைத்துக் காத்திருந்தாள். அந்தப் பக்கம் குரைப்புக் கேட்டது, உறுமல் கேட்டது, பிறகு எதுவும் கேட்கவில்லை. டோரிஸின் உதடுகள் ஜெபத்தில் அசைந்தன.

மேட்டின்மேல் சிவப்பு எழுந்தது. நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு டொமினோ உருண்டு வராத குறையாக வந்தது. அதற்குப் பின்னால், நெருக்கமாக, வெளிறிய கொயோட்டி. நாயும் அதுவும் ஒரே கோட்டில். அர்லீன் குறிபார்த்தாள், சுடவில்லை. இன்னும் நெருங்கின. இன்னும் ஒரே கோடு. அவள் விசையிலிருந்து விரலை எடுத்தாள். கொயோட்டி நின்றது, இவர்களைக் கண்டது, திரும்பி ஒரே தாவலில் மேட்டைத் தாண்டிப் போய்விட்டது.

டொமினோ ரேயின் மார்பில் மோதி விழுந்தது. அவன் அந்தக் கம்பளிச் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். உடம்பெல்லாம் தடவித் தடவிப் பார்த்தான். காதில் ஒரு சின்னக் கீறல், அவ்வளவுதான்.

"போயிடுச்சே" என்றாள் டோரிஸ்.

"போகட்டும்" என்றாள் அர்லீன். குண்டை வெளியே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். "நாளைக்கு வரேன்."